லேபிள் இல்லாத அந்துப்பூச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்த இரவில் டியூப்லைட்டைச் சுற்றிவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அந்துப்பூச்சிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பழுப்பு, சாம்பல். அல்தாய், தியான்ஷான், மங்கோலியா என்று நீளும் மத்திய ஆசிய மலைப் புல்வெளிகளிலும் இப்படிப்பட்டவைதான் அதிகம். மரமே இல்லாத, வறண்ட, உயரமான ஸ்டெப்பி நிலம் அது. ஒன்றைப்போல ஒன்று இருக்கும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் இன்றும் புதுப்புது இனங்கள் வெளிவருகின்றன. ஒரு பூச்சியை ‘இது புதிது’ என்று எப்படி நிறுவுகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பிடிக்கவேண்டும். வெள்ளைத் துணியைக் கட்டி, ஜெனரேட்டர் வைத்து, பாதரச ஆவி விளக்கு போடுவார்கள். தூக்கிச் செல்ல முடியாத இடத்தில் பேட்டரியில் எரியும் 8 வாட் புறஊதா டியூப் போதும். ரஷ்ய அல்தாயின் சூயா புல்வெளி சுமார் 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் நல்ல இருட்டு மூன்று நான்கு மணி நேரம்தான். காற்று அடித்தால் துணி படபடக்கும், பூச்சி உட்காராது. ஆகவே காற்று மறைவான சரிவு பார்க்கவேண்டும். நிலவு இல்லாத, மேகம் மூடிய இரவு நல்லது. இன்னொரு சிக்கல்: கைனஃபோரா போன்ற பேரினங்களின் சில இனங்களில் பெண்ணுக்குப் பறக்கும் சக்தியே கிடையாது. விளக்குக்கு வருவது ஆண் மட்டும். பெண் வேண்டுமென்றால் புழுவைத் தேடி எடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டியதுதான்.

பிடித்த பூச்சியை மார்பின் நடுவில் ஊசி குத்தி, பலகையில் இறக்கையை விரித்துக் காயவைப்பார்கள். முன் இறக்கையின் பின்விளிம்பு உடம்புக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். எல்லா மாதிரியும் ஒரே நிலையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். லேபிள்! ஊசியில் பூச்சிக்குக் கீழே செருகும் சின்னக் காகிதம். இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. நாடு, மாகாணம், பக்கத்து ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர் பெயர், இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். 5.6 என்று எழுதினால் ஒருவர் ஜூன் ஐந்து என்பார், இன்னொருவர் மே ஆறு என்பார். மலையில் அந்த ஒரு மாதம் என்பது ஒரு பருவமே மாறும் காலம். அமிலமில்லாத தாள், அழியாத மை வேண்டும். லேசர் பிரிண்டரில் அடித்த எழுத்து சாராயத்தில் ஊறினால் உரிந்து போகும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்த பூச்சி ஆய்வாளரும் வியாபாரியுமான ஓட்டோ ஸ்டாடிங்கர் மத்திய ஆசியாவிலிருந்து பூச்சிகளை வாங்கி வாங்கி ஏராளமான இனங்களுக்குப் பெயர் வைத்தார். அவருடைய சேகரிப்பு இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து லேபிள்களில் வெறும் ‘துர்கெஸ்தான்’ என்று மட்டும் இருப்பது உண்டு. இன்றைய ஐந்து நாடுகளில் அது எது? ‘பிரஷெவால்ஸ்க்’ என்று இருந்தால் இன்றைய கிர்கிஸ்தானின் கரகோல். ‘ஊர்கா’ என்றால் உலான்பாதர். 1924-இல் பெயர் மாறியது. ஊர்ப் பெயர் மாறும், எல்லை மாறும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறாது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் பத்து மீட்டருக்குள் இடம் பிடிபட்டுவிடும். மறுபடியும் சொல்கிறேன், லேபிள் இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது.

அடுத்தது மேஜை வேலை. யூக்ஸோவா என்ற பேரினம் நம் தோட்டத்து வெட்டுப்புழுக்களின் உறவு. ஸ்டெப்பியில் அதன் இனங்கள் நிறைய. ஒரே இனத்துக்குள்ளேயே இறக்கை நிறம் மாறும், செதில் உதிரும். அதனால் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தே பிரிக்கிறார்கள். வயிற்றுப் பகுதியை மெல்ல மேல்நோக்கி நெம்பி எடுத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துப் பத்து இருபது நிமிடம் சூடாக்குவார்கள். சூடாக்காமல் ஓர் இரவு ஊறவைப்பதும் உண்டு. தசையும் கொழுப்பும் கரைந்து கெட்டியான பாகங்கள் மிஞ்சும். நேரம் கூடினால் மெல்லிய சவ்வும் சேர்ந்து குழைந்துவிடும். அப்புறம் எதுவும் தெரியாது. பிறகு தண்ணீரில் கழுவி, நுண்தூரிகையால் செதிலைத் தள்ளி, கூர்மையான இரண்டு இடுக்கிகளால் பிரிப்பார்கள். ஆண் உறுப்பின் குழாயைத் தனியே உருவி, அதன் பின்முனை வழியாக மெல்லிய ஊசியால் சாராயம் செலுத்தினால் உள்ளே மடிந்திருக்கும் பை வெளியே புடைத்து வரும். அந்தப் பையின் வடிவமும், அதில் முள் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதும்தான் பல இனங்களுக்குத் தீர்ப்பு. பையை வெளியே எடுக்காமல் நசுக்கி ஒட்டிய பழைய கண்ணாடி ஸ்லைடுகளால் எத்தனையோ குழப்பம் நேர்ந்திருக்கிறது. ஸ்லைடில் என்ன எண்ணோ அதே எண் பூச்சியின் ஊசியிலும் இருக்கவேண்டும். பாருங்கள், மறுபடியும் லேபிள்தான்!

நேரம் நெருங்குகிறது, மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சியின் கால் ஒன்றை எடுத்து, அதன் மரபணுவில் 658 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படிக்கிறார்கள். பறக்காத பெண்ணையும் விளக்குக்கு வந்த ஆணையும் ஒரே இனம் என்று சேர்க்க அது நன்றாக உதவும். ஆனால் இரண்டு இனங்களுக்குள் கலப்பு நடந்திருந்தால் அது ஏமாற்றும். அதை மட்டும் நம்பி இனம் அறிவிப்பது சரியல்ல என்பது என் கருத்து.

பெயர் வைக்குமுன், முன்பே பெயர் பெற்ற இனங்களுக்கு ஆதாரமான பழைய மூல மாதிரிகளைப் பார்த்தாகவேண்டும். விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் 1758 முதல் வெளியான பெயர்களில் எது முந்தியதோ அதுவே செல்லும். விவரிப்பில் நெருங்கிய இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்லி, ஒரே ஒரு பூச்சியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கான மூல மாதிரி, என்று குறித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்றும் எழுதவேண்டும். இணைய இதழில் மட்டும் வெளியிட்டால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் கட்டாயம். ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபிள் போடுவது வழக்கம். பழைய லேபிளைக் கழற்றாமல் அதன் கீழேயே சிவப்பையும் செருகவேண்டும்.

வணக்கம்.