கிராக்கி: விலையைச் சொல்கிறதா, கூட்டத்தைச் சொல்கிறதா?

(காட்சி: விடியற்காலைச் சந்தை, தக்காளிக் கூடைகள் இறங்குகின்றன.)

வைரத்தை விலையுயர்ந்த பொருள் என்கிறோம். கிராக்கியான பொருள் என்று பொதுவாகச் சொல்வதில்லை. நேற்று வரை சீந்துவாரின்றிக் கிடந்த தக்காளிக்கோ, வரத்துக் குறைந்த மறுநாளே கிராக்கி வந்துவிடுகிறது. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தபோது, சந்தையில் புழங்கிய சொல் இதுதான். 'விலையுயர்ந்த' என்பது பொருளோடு ஒட்டிக்கொண்ட அடைமொழி. 'கிராக்கி' என்பது அப்பொருளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் சேர்த்துச் சுட்டுவது.

(காட்சி: ஆட்டோ நிறுத்தம்.)

கன்னடத்தில் இச்சொல்லுக்கு வாடிக்கையாளர் என்பதே பொருள். சென்னைப் பேச்சிலும் அந்தப் பொருள் மறையவில்லை. "காலையிலிருந்து ஒரு கிராக்கிகூட வரவில்லை" என்று ஆட்டோ ஓட்டுநர் சொன்னால், அவர் விலைவாசியைப் பற்றிப் பேசவில்லை. சவாரிக்கு ஆள் இல்லை என்கிறார். வண்டிக்குக் குறுக்கே பாய்பவர்மீது விழும் 'சாவுகிராக்கி' என்ற வசவிலும் கிராக்கி என்பது ஆள்தான்.

(திரையில் இரண்டு தொடர்கள்.)

எழுதும்போது வேற்றுமை உருபைக் கவனிக்க வேண்டும். "மல்லிகைக்குக் கிராக்கி" என்றால் வாங்க ஆள் மிகுதி என்று பொருள். "மல்லிகை கிராக்கியாக இருக்கிறது" என்றால் விலை ஏறிவிட்டது என்று பொருள். பனியால் பூ வரத்துக் குறைந்து, பொங்கலும் முகூர்த்த நாள்களும் அடுத்தடுத்து வரும் தை மாதத்தில் இரண்டு தொடர்களுமே உண்மையாகிவிடும் என்பதால், பேச்சில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பொருளிலிருந்து மனிதர்மேலும் இச்சொல் தாவியிருக்கிறது. கூப்பிட்டும் வராமல் பிகு செய்பவரை "ரொம்பக் கிராக்கி பண்ணிக்கொள்கிறார்" என்பார்கள். தம் விலையைத் தாமே ஏற்றிக்கொள்கிறார் என்னும் கிண்டல் அதில் இருக்கிறது.

(காட்சி: சம்பளப் பட்டியல்.)

விலைவாசி உயர்வை ஈடுகட்ட ஊழியருக்குத் தரும் தொகையை முன்பு பஞ்சப்படி, கிராக்கிப்படி என்றெல்லாம் வழங்கினார்கள். இன்று அரசாணைகளில் நிற்பது அகவிலைப்படி. இதிலுள்ள 'அகம்' வீடும் அன்று, உள்ளும் அன்று; தானியம். அகவிலை என்றால் தானியத்தின் விலை. மாதந்தோறும் அந்தப் படியை வாங்குபவர்கள்கூட அதை உள்நாட்டு விலை என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.