சுழல் வால்வு ட்யூபாவும் அதை வாசித்தவர்களும்

நண்பர்களே, வணக்கம். ட்யூபா என்பது கனத்த குரலில் ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி. அதில் காற்று போகும் வழியை மாற்றிச் சுருதியை மாற்றுவது வால்வு.

1835இல் இரண்டு ஊர்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்ற ராணுவ பேண்டு மாஸ்டரும் மோரிட்ஸ் என்ற கருவி செய்பவரும் சேர்ந்து ஐந்து வால்வு வைத்த ட்யூபாவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வியன்னாவில் யோசப் ரீடல் சுழல் வால்வுக்கு உரிமை வாங்கினார். பெர்லின் ட்யூபாவில் இருந்தது மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். மத்திய ஐரோப்பா முழுக்க அப்புறம் பரவிய ட்யூபாவோ, பெர்லின் உடம்புக்குள் வியன்னா வால்வைப் பொருத்திக்கொண்ட ஒன்று.

இந்தச் சுழல் வால்வைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு பித்தளைக் கூடு. அதற்குள் அச்சுப் பிசகாமல் உட்காரும் ஓர் உருளை. உருளையில் காற்று போக இரண்டு வழிகள். விரலால் நெம்பை, அதாவது சிறு நெம்புகோலை, அழுத்தினால் உருளை கால்வட்டம் திரும்பும். நேராகப் போன காற்று கூடுதல் குழாயைச் சுற்றிக்கொண்டு வரும், சுருதி இறங்கும். குழாய் எவ்வளவு அகலமானாலும் நெம்பை அழுத்தும் தூரம் குறைவாகவே இருக்கலாம். சுமார் 18 அடி நீளக் குழாயைச் சுருட்டி வைத்த பெரிய ட்யூபாவில் விரல் சலிக்காமல் ஓடுவதற்கு இது பெரிய உதவி. பழைய கருவிகளில் நெம்பைத் திருப்பி இழுப்பது, சிறு டப்பிக்குள் சுருட்டி வைத்த கடிகார வில்.

சரி, வால்வு ஏன் இத்தனை? இரண்டு மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் கூடும் குழாய் நீளம் தேவைக்குச் சற்றுக் குறையும், சுருதி சற்று ஏறிவிடும். கீழ்ஸ்தாயிக்குப் போகப் போக அந்தக் குறை பெரிதாகும். அதைச் சரிக்கட்டத்தான் நான்காவது, ஐந்தாவது வால்வுகள். வியன்னாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எஃப் (F) சுருதியில் அமைந்த ட்யூபாவில் ஆறு வால்வு வைத்து இரண்டு கைகளுக்கும் பங்கு போட்டார்கள். அந்த விரல் பழக்கத்தை மாணவர்கள் ஆசிரியரிடம் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வியன்னா ஆர்க்கெஸ்ட்ராவில் அந்த ட்யூபா இருந்தது. இசையமைப்பாளர் மாலர் அங்கே ஆப்பராவை நடத்திய காலத்தில் கேட்டதும் அந்தக் குரல்தான். அந்த விரல் முறை வழக்கொழிந்தது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

கருவி செய்தவர்களில் செர்வெனியைச் சொல்லாமல் விட முடியாது. 1842இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஹ்ராடெட்ஸ் க்ராலவேயில் பட்டறை போட்டவர். கனத்த குரல் கொண்ட பெரிய ட்யூபாக்களுக்கு அவர் பெயர் பெற்றவர். அதே பொஹீமியாவில் கிராஸ்லிட்ஸ் என்ற ஊரே பித்தளைக் கருவிகளுக்குப் பேர்போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அப்படி வந்த கைவினைஞர்கள் சிலர் 1946இல் பவேரியாவின் வால்ட்க்ரைபுர்கில் கூட்டுறவு முறையில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். முன்பு வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில் உருவான ஊர் அது. அந்தப் பட்டறைதான் மிராஃபோன். வீடு, நிலம் எல்லாம் போன பிறகும் கைத்தொழில் மட்டும் கூட வந்திருக்கிறது.

அந்தக் கருவிகள் கடல் கடந்தன. அமெரிக்காவில் பிஸ்டனுக்குத்தான் மவுசு. சிகாகோ சிம்ஃபொனியில் 1944 முதல் 1988 வரை வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸின் புகழ்பெற்ற ட்யூபாவும் (யார்க் நிறுவனம் செய்தது) முதன்மையாகப் பிஸ்டன் கருவியே. ஆனால் ரோஜர் போபோ போன்றவர்கள் மிராஃபோனின் சுழல் வால்வுக் கருவிகளைக் கையில் எடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மானிக்கில் 1964 முதல் கால் நூற்றாண்டு இருந்தவர் அவர். அதற்கு முன்பே, 1961இல் கார்னெகி ரிசைட்டல் ஹாலில் தனிக் கச்சேரி செய்தார். பின்வரிசையில் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்கும் வாத்தியத்துக்கு அது எவ்வளவு பெரிய மேடை!

பழைய ட்யூபாவில் வால்வு தேய்ந்தால் மொத்தமாகக் கழற்றிப் புதிது போடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருளைக்கு முலாம் ஏற்றி, கூட்டுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்தலாம். அப்போது செய்தவர் கைவேலை கருவியிலேயே தங்கும்.

உங்களில் யாராவது பழைய ட்யூபா வாங்கப் போனால், வால்வின் பின்மூடியைத் திருகிக் கழற்றி உருளையின் அச்சு முனையிலும் அதைத் தாங்கும் தகட்டிலும் உள்ள கோடுகள் நேராகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேராவிட்டால், உருளை திரும்புவதை உரிய இடத்தில் நிறுத்தும் தக்கை தேய்ந்திருக்கும். தக்கையை மாற்றினால் போதும். அப்புறம், நெம்பைத் தொடாமல் அந்த வால்வின் சறுக்குக் குழாயை (கூடுதல் குழாயில் இழுத்து நீட்டக்கூடிய பகுதியை) மெல்ல வெளியே இழுங்கள். சில விநாடி பொறுத்து நெம்பை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் வால்வு இன்னும் காற்றைப் பிடித்து வைக்கிறது; தயங்காமல் வாங்கலாம்.