ஆளைக் குறைத்தால் செலவு குறையுமா? வாஷிங்டனின் தேர்தல் வாக்குறுதி

[திரை: தொலைக்காட்சி அரங்கம். மேசை மேல் ஒரு கண்ணாடி ஆஷ்ட்ரே.]

1993 செப்டம்பர். அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறார். கையில் சுத்தியல், கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி. அரசு அலுவலகத்துக்கு ஆஷ்ட்ரே வாங்குவதென்றால், அது எப்படி உடைய வேண்டும் என்பதற்குக்கூட அரசிடம் விதி இருக்கிறது என்கிறார். மேப்பிள் பலகை மேல் வைத்து அடிக்க வேண்டும். சிதறும் துண்டுகள் 35-ஐத் தாண்டக் கூடாது. வாசித்து முடித்ததும் ஓங்கி ஒரே அடி. அரங்கமே சிரிக்கிறது.

ஜெயித்து வந்த புது அரசு, "வாஷிங்டனைச் சரிசெய்கிறோம்" என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் ஆஷ்ட்ரே விதியை ஒழித்தால் எத்தனை டாலர் மிச்சம்? அந்தக் கேள்விதான் இன்றைய வீடியோ.

[திரை: ரீகன், கிளின்டன், டிரம்ப் படங்கள் அடுத்தடுத்து.]

கோருக்கு முன்னாலும் இது நடந்தது. 1982-இல் அதிபர் ரீகன், அரசின் வீண் செலவைக் கண்டுபிடிக்கத் தொழிலதிபர் பீட்டர் கிரேஸ் தலைமையில் ஒரு குழு போட்டார். 1984-இல் அது 2,478 பரிந்துரைகளைக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் 42,400 கோடி டாலர் மிச்சமாகும் என்றது. பரிந்துரைகளில் பெரிய தொகை வரக்கூடியவற்றுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டும். சட்டம் நாடாளுமன்றத்தின் கையில். அங்கேயே பல படுத்துவிட்டன.

அதிபர் கிளின்டனும் துணை அதிபர் கோரும் போட்ட குழு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் போனது. 10,000 பக்கம் கொண்ட பணியாளர் விதிமுறைத் தொகுப்பைத் தூக்கி எறிந்தார்கள். 1994-இல் சட்டமே போட்டு, 2,72,900 பணியிடங்களைக் குறைப்பது என்று முடிவானது. தானாக விலகுபவர்களுக்கு 25,000 டாலர் வரை கையில் கொடுத்தார்கள். பணியிடங்கள் உண்மையிலேயே குறைந்தன, சொன்னதைவிட அதிகமாகவே குறைந்தன. ஆனால் அதில் பெரும்பங்கு பாதுகாப்புத் துறையின் சிவிலியன் வேலைகள். பனிப்போர் முடிந்திருந்தது, அவற்றில் பல எப்படியும் போயிருக்க வேண்டியவை. அப்புறம், ஆள் போனாலும் வேலை போகவில்லை. அதைச் செய்ய ஒப்பந்த நிறுவனங்கள் வந்தன. அந்த ஊழியர்கள் அரசுக் கணக்கில் தலையாக எண்ணப்படுவதில்லை, ஆனால் அவர்களுக்கான பணம் அதே கஜானாவிலிருந்துதான் போகிறது.

[திரை: வட்ட வரைபடம். ஊழியர் சம்பளத் துண்டு மட்டும் சிவப்பில்.]

வீடியோவை இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி இந்தப் படத்தைப் பாருங்கள். அந்தச் சிவப்புத் துண்டு எவ்வளவு மெலிசு! 2022-இல் கூட்டாட்சி அரசின் சிவிலியன் ஊழியர்கள் சுமார் 23 லட்சம் பேர். அந்த ஆண்டு அவர்களுடைய சம்பளம், சலுகை எல்லாம் சேர்த்து 27,100 கோடி டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் மொத்தச் செலவில் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஊழியர்களிலும் பாதிக்கு மேல் மூன்றே துறைகளில் இருக்கிறார்கள்: பாதுகாப்பு, முன்னாள் படைவீரர் நலம், உள்நாட்டுப் பாதுகாப்பு. இந்த மூன்றிலும் கைவைக்க எந்தக் கட்சிக்கும் அவ்வளவு ஆசை கிடையாது.

பிறகு பணம் எங்கே போகிறது? 2024-இல் மொத்தச் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். முதியோர் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி மட்டும் கிட்டத்தட்ட 1.5 லட்சம் கோடி. கடனுக்கு வட்டி சுமார் 88,000 கோடி. அந்த ஆண்டு ராணுவச் செலவையே வட்டி தாண்டிவிட்டது. மருத்துவக் காப்பீடு தனி. நாட்டின் எல்லா அலுவலகங்களையும் நாளைக்கே பூட்டினாலும் வட்டி கட்டியே ஆக வேண்டும். பாட்டிக்குப் பென்ஷன் போயே ஆக வேண்டும்.

பென்ஷன் என்றதும் ஓர் இடத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

[திரை: சுரங்க வாசல். உள்ளே வரிசை வரிசையாகக் கோப்பு அலமாரிகள்.]

பென்சில்வேனியா மாநிலம், பாய்ர்ஸ். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கம். தரைக்கு 200 அடிக்கும் கீழே நூற்றுக்கணக்கான அரசு ஊழியர்கள் உட்கார்ந்து, ஓய்வுபெறும் அரசு ஊழியர்களின் பென்ஷன் காகிதங்களைப் பல ஆண்டுகளாகக் கையால் சரிபார்த்து வந்தார்கள். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, ஒரு குகையிலிருந்து இன்னொரு குகைக்கு நகர்ந்தது. 1977-இல் ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை நாள் ஆனதோ, ஏறக்குறைய அதே நாள்தான் 2013-லும். 1980-களின் கடைசியிலிருந்தே கணினிமயமாக்கப் பார்த்தார்கள். 10 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. சுரங்கம் அப்படியே நின்றது.

இது சோம்பேறித்தனம் என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. பென்ஷன் கணக்குக்கு நாடாளுமன்றம் காலகாலமாகச் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டிருக்கிறது. தீயணைப்பு வீரருக்கு ஒரு விதி, ராணுவத்திலிருந்து வந்தவருக்கு ஒரு விதி. ஒவ்வொரு துறையும் தன் காகிதத்தைத் தன் வடிவத்தில் அனுப்பும். அதில் ஒன்று குறைந்தாலும் கோப்பு நின்றுவிடும். இதைச் சரிசெய்ய முதலில் விதிகளை எளிதாக்க வேண்டும், அப்புறம் நல்ல கணினி ஆட்களைப் போட வேண்டும். அதாவது முதல் சில ஆண்டுகள் செலவு கூடும். தேர்தல் மேடையில் யார் இதைச் சொல்வார்கள்?

2025 பிப்ரவரியில் ஈலான் மஸ்க் வெள்ளை மாளிகையில் இந்தச் சுரங்கத்தைப் பற்றித்தான் பேசினார். உதாரணம் சரியான உதாரணம். மருந்துதான் வேறு. டிரம்ப் பதவியேற்ற அன்றே, ஜனவரி 20-இல், அரசு செயல்திறன் துறை, சுருக்கமாக டோஜ், உத்தரவு மூலம் உருவானது. அதன் முகமாக இருந்தவர் மஸ்க். தேர்தலுக்கு முன் அவர் சொன்ன மிச்ச இலக்கு 2 லட்சம் கோடி டாலர். பிறகு 1 லட்சம் கோடி. ராஜினாமா செய்தால் செப்டம்பர் வரை சம்பளம் என்று ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போனது. சுமார் 1,54,000 பேர் அதை ஏற்றார்கள்.

[திரை: டோஜ் இணையதளம். ரத்தான ஒப்பந்தங்களின் பட்டியல்.]

மிச்சக் கணக்கை இணையத்தில் போட்டது நல்ல யோசனை. எல்லாரும் பார்க்கலாம். பார்த்தார்கள், தப்பும் வெளியே வந்தது. 800 கோடி டாலர் மிச்சம் என்று போட்டிருந்த ஓர் ஒப்பந்தம், அசலில் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம். இதைவிடப் பெரிய சிக்கல் கணக்குப் போடும் முறையில் இருந்தது. ஓர் ஒப்பந்தத்தில் "அதிகபட்சம் இவ்வளவு" என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். செலவாகாத அந்த வரம்பையே மிச்சமாக எழுதினார்கள். கல்யாணத்துக்கு 1,000 இலை வரை போடலாம் என்று சமையல்காரரிடம் பேசி வைக்கிறீர்கள். 300 இலைதான் விழுந்தது. மீதி 700 இலைக் காசு மிச்சம் என்று வீட்டில் சொல்ல முடியுமா?

அதே ஜனவரியில் இன்னொன்று நடந்தது. ஒவ்வொரு துறைக்குள்ளும் ஊழலையும் வீண் செலவையும் தோண்டுவதற்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் உண்டு. அந்தப் பதவிகளை உருவாக்கிய சட்டம், அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1978-இல் வந்தது. பதவியேற்ற முதல் வாரத்திலேயே அவர்களில் சுமார் 17 பேர் ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள். 30 நாள் முன்பே நாடாளுமன்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம், சொல்லவில்லை. செப்டம்பரில் நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது, ஆனால் அவர்களைத் திரும்ப உட்காரவைக்கவில்லை. வீண் செலவைப் பிடிக்கப் புறப்பட்ட அரசு, பிடிக்கத் தெரிந்தவர்களை முதலில் வெளியே அனுப்பியது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஏனென்றால் பிடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ கணக்குப்படி, 2024-இல் மட்டும் தவறாகப் போன பணம் சுமார் 16,200 கோடி டாலர். எல்லாமே திருட்டு அல்ல. கூடுதலாகக் கொடுத்தது, சரியான ஆவணம் இல்லாமல் கொடுத்தது எல்லாம் அதில் அடக்கம். அதில் முக்கால்வாசி ஐந்தே திட்டங்களில். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்க்க ஆள் வேண்டும். தொலைக்காட்சியில் காட்டச் சுவாரசியமே இல்லாத வேலை.

[திரை: நாடாளுமன்றக் கட்டடம்.]

சரி, அதிபர் நினைத்தால் செலவை நிறுத்திவிட முடியாதா? நிக்சன் அதைச் செய்து பார்த்தார். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் பிடித்து வைத்தார். அதற்குப் பதிலடியாக வந்தது 1974-ஆம் ஆண்டுச் சட்டம்: வேண்டாம் என்று அதிபர் கேட்கலாம், 45 நாளுக்குள் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும்.

2025 ஜூலையில் அந்த வழியில் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு ரத்தான தொகை சுமார் 900 கோடி டாலர், வெளிநாட்டு உதவியும் பொது ஒளிபரப்பும். ஆகஸ்டில் இன்னும் 490 கோடி கேட்டார்கள், நிதியாண்டு முடிய 45 நாள்கூட இல்லாத நேரத்தில். செப்டம்பர் 30 தாண்டினால் பணம் தானாகக் காலாவதியாகிவிடும். இது சட்டவிரோதம் என்றது ஜிஏஓ. செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம், அதில் 400 கோடியை இப்போதைக்கு நிறுத்திவைக்க அனுமதித்தது.

நான்கு நாளில் நிதியாண்டு முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 7 லட்சம் கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட அதிகம்.