ஒரே ஓர் எழுத்து தள்ளி

நேயர்களுக்கு வணக்கம். கியூபாவின் ரும்பா ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹவானா, மத்தான்சாஸ் ஆகிய துறைமுக நகரங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி வளர்த்த ஆட்டம் இது. கருவாடு வந்த மரப்பெட்டியையும் மெழுகுவத்திப் பெட்டியையும் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்கள், அதுதான் மேளம். 2016-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

ரும்பா என்றதும் எல்லாரும் இடுப்பைத்தான் பார்க்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் காது. மேளச் சத்தத்துக்கு நடுவே இரண்டு மரக்குச்சிகள் மோதும் ஒலி கேட்கும். அதுதான் கிளாவே. ஒரு குச்சியை உள்ளங்கை குழிந்திருக்க விரல்கள்மேல் சும்மா படுக்க வைத்து, இன்னொன்றால் தட்டுவார்கள். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும்.

குச்சி இல்லையா? கைதட்டியே பார்க்கலாம். ‘தகதிமி’ என்று நான்கு முறை நிதானமாகச் சொல்லுங்கள். மொத்தம் 16 எழுத்து. முதல் தகதிமியில் ‘த’விலும் ‘மி’யிலும் தட்டுங்கள். இரண்டாவதில் ‘தி’யில் மட்டும். மூன்றாவதிலும் ‘தி’யில் மட்டும். நான்காவதில் ‘த’வில். ஐந்து தட்டு ஆயிற்றா? இது சோன் என்ற கியூபா இசைக்கான கிளாவே. ரும்பாவுக்கு ஒரே மாற்றம்தான்: இரண்டாவது தகதிமியில் ‘தி’யில் விழுந்த தட்டு ‘மி’க்குப் போய்விடும். ஒரே ஓர் எழுத்து தள்ளி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எழுத்து நேரம் உடம்பு தட்டுக்காகக் காத்து நிற்கிறது பாருங்கள், ரும்பாவின் ஆனந்தம் முழுக்க அங்கேதான் இருக்கிறது!

பெரும்பாலும் தவறுவதும் அங்கேதான். காத்திருக்க முடியாமல் கை அவசரப்படும். இல்லாவிட்டால் கை தட்டுகிற இடத்திலெல்லாம் காலும் மிதிக்கும். கால் ஒவ்வொரு ‘த’வில் மட்டும் விழட்டும். மறுபடியும் சொல்கிறேன்: கால் ‘த’வில், கை அதன் வழியில்.

இப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். அடி சின்னதாக, அரைப் பாத அளவு போதும். முழுப் பாரத்தையும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினால் இடுப்பு தானாக அசையும். முழங்கால் விறைத்திருந்தால் இடுப்பை வலிந்து ஆட்ட வேண்டிவரும். அது பார்க்கவும் நன்றாயிராது, முதுகும் வலிக்கும்.

ரும்பாவின் வகைகளில் யாம்பு மெதுவானது, பழக அதுவே நல்லது. குவாகுவாங்கோ என்ற வகை ஜோடி ஆட்டம். ஆண் எதிர்பாராத நொடியில் இடுப்பாலோ கையாலோ காலாலோ பெண்ணை நோக்கிச் சட்டென்று ஒரு வீச்சு வீசுவான். அவள் பாவாடை முனையால் மறைத்துத் தப்புவாள். ஓயாமல் வீசிக்கொண்டே இருந்தால் விளையாட்டின் சுவை போய்விடும்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. கொலும்பியா என்ற ரும்பா வகையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஆண் தனியே ஆடும் வேக ஆட்டம். கின்ட்டோ என்ற உச்சக்குரல் மேளமும் ஆடுபவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். அதற்குத் தகதிமி உதவாது, ‘தகிட’ நான்கு முறை சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.