உப்பும் சிலிக்கனும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியில் குறைக்கடத்திப் பாடம் நடத்துகிறவன் நான். செல்போன், கணினிக்குள் இருக்கிற சிப் எப்படித் தயாராகிறது என்று பேசச் சொன்னார்கள். கரும்பலகை இல்லாமல் இதைப் பேசுவது சிரமம்தான். அதனால் படமே தேவைப்படாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: சிப் செய்கிற சிலிக்கன் வில்லையைக் கழுவுவது. சிரிக்காதீர்கள். ஒரு சிப் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. அவற்றில் கழுவுகிற வேலைதான் திரும்பத் திரும்ப வரும்.

தூசி எல்லோருக்கும் தெரியும். முகப்பவுடர், கண்மை, திருநீறு எதுவும் சிப் செய்கிற தூய்மை அறைக்குள் ஆகாது. நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு வருகிற பையனிடம் நெற்றியைத் துடைத்துவிட்டு வா என்று சொல்ல எனக்கே நாக்கு கூசும். சொல்லித்தான் ஆக வேண்டும். சரி, தூசியை வடிகட்டியாவது பிடித்துவிடலாம். எனக்குப் பயம் உப்பிடம்தான்.

தூத்துக்குடி அளத்தில் விளைகிற அதே உப்புதான். அதிலுள்ள சோடியம். 1960-களின் தொடக்கத்தில் மாஸ் (MOS) டிரான்சிஸ்டர் என்று ஒரு புது வகை வந்தது; டிரான்சிஸ்டர் என்றால் மின்சாரத்தைத் திறந்து மூடுகிற குட்டி சுவிட்ச். இன்று உங்கள் செல்போனுக்குள் கோடிக்கணக்கில் இருப்பது அந்த வகைதான். அன்றைக்கு அது ஒரு நிலையில் நிற்கவில்லை. இன்ன மின்னழுத்தத்தில் வேலை செய்யும் என்று அளந்து வைப்பார்கள். சூடேற்றி மின்னழுத்தம் கொடுத்துவிட்டுத் திரும்ப அளந்தால் கணக்கு மாறியிருக்கும். சிலிக்கன் மேல் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. ஃபேர்சைல்டு என்ற அமெரிக்க சிப் நிறுவனத்து ஆய்வாளர்கள் நால்வர் 1965-இல் அது சோடியம் அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய சோடியம் அணு, என்று விளக்கி எழுதினார்கள். அந்த நால்வரில் ஒருவரான ஆண்டி குரோவ் பிற்பாடு இன்டெல்லுக்கே தலைவரானார்.

சோடியம் எங்கிருந்து வந்தது? கை வியர்வை, உலைக்குழாய், அமிலம், கழுவிய தண்ணீர். மறுபடியும் சொல்கிறேன், கழுவிய தண்ணீரிலேயே வரும். அதனால்தான் சிப் ஆலைகளில் தண்ணீரைச் சுத்திகரிப்பதே தனித் தொழிற்சாலை மாதிரி நடக்கிறது. அந்தத் தண்ணீரின் மின்தடை சென்டிமீட்டர் கணக்கில் 18.2 மெகாஓம். கரைந்த உப்பு இல்லாததால் மின்சாரம் ஏறக்குறைய பாயாது. நம் தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியானாலும் அப்படியே அங்கே உதவாது. ருசியே அதில் கரைந்துள்ள உப்புகளால்தானே!

முதல் வகுப்பில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒரு பீக்கரில் அயனி நீக்கிய தண்ணீர், அதில் மின்கடத்து மீட்டர். மீட்டரில் எண் 1-ஐ ஒட்டியே நிற்கும். ஒரு மாணவரைக் கூப்பிட்டு விரலை முக்கச் சொல்வேன். எண் மளமளவென்று ஏறும். எல்லோரும் அவரவர் விரலைப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை முள்ளக்காட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், எங்க அப்பா அளத்துல உப்பு வாருதாங்க. அவங்க விரலை வச்சா மீட்டர் என்ன சொல்லும்?” என்றாள். வகுப்பே சிரித்தது. மீட்டர் தாங்காது என்றேன். பாடம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். வேலைவாய்ப்பு பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: எலக்ட்ரானிக்ஸ் மட்டுமல்ல, வேதியியல், இயற்பியல், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கும் சிப் ஆலையில் இடமுண்டு. குஜராத்தில் தொலேராவில் 2024-இல் ஓர் ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கல்லூரியில் வசதி இல்லாதவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தூய்மை அறையில் பயிற்சி பெற அரசுத் திட்டம் இருக்கிறது; உங்கள் துறைத்தலைவரிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.