பயிற்சி நிலையத்தின் அருகே பெண்களுக்கு ஒரு விடுதி
(உலக இளைஞர் திறன் நாள் விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையிலும் குறித்த நேரத்துக்கு வந்து சிறப்பித்திருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, பந்தலும் குடிநீரும் தந்து உதவிய பேரூராட்சித் தலைவர் அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, பெற்றோர்களே, சீருடையில் அமர்ந்திருக்கும் என் அருமை மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய வருவாய் அலுவலர் அவர்கள் அரசுத் திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அவருக்கு என் தனி நன்றி.

தொழிற்பயிற்சிக்கு வரும் பெண்களுக்குத் தங்க ஒரு விடுதி வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெறுங்கை முழம் போடுமா என்பார்கள் நம் பெரியோர். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டுக் கையில் தொழில் இல்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அளவுகோலைப் படிக்கத் தெரியாதவருக்கு இயந்திரம் கட்டுப்படாது.

1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே வளர்ந்தவைதான் நம் தொழிற்பயிற்சி நிலையங்கள். எட்டாம் வகுப்புத் தேறியவர்கூட ஓராண்டில் வெல்டர் ஆகலாம். பத்தாம் வகுப்புத் தேறியவர் 2 ஆண்டுகளில் ஃபிட்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ வெளியே வரலாம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை, அதாவது வேலையிடத்திலேயே தொழில் பழகுகிறவர்களை, சேர்த்தே ஆக வேண்டும். ஆகவே படிப்பு முடிந்ததும் ஆலைக்குள் நுழைய ஒரு வாசல் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த வாசல் வரை வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பயிற்றுநராக இருந்த காலத்தில், மலையடிவாரச் சிற்றூரிலிருந்து ஒரு மாணவி ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தாள். தாய் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தந்தைக்குச் செங்கல் சூளையில் கூலி. "பொம்பளப் புள்ள கையில அரம் எதுக்கு சார்?" என்று அந்தத் தந்தை என்னிடமே கேட்டார். முதல் மாதம் முழுவதும் அரம்தான். இரும்புத் துண்டை வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் இறுக்கித் தேய்க்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் கீற்றளவு வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி தேய்க்கத்தான் வேண்டும். உள்ளங்கை கொப்பளித்து, துணி சுற்றிக்கொண்டு தேய்த்தாள் அந்தப் பெண். வெளிச்சம் கசியாத அன்று, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஒரு மழை நாளில் மாலைப் பேருந்து வரவில்லை. வீடு போய்ச் சேர இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. மறுநாள் முதல் அவள் வரவில்லை. விசாரித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனபோது, தந்தை தலை நிமிரவே இல்லை. அப்போது இந்த ஊரில் வாக்கப்பட்டிருந்த அவருடைய தங்கை சொன்னார்: "அண்ணே, எம் மருமக எங்கிட்ட இருந்து படிக்கட்டும். நான் பாத்துக்கறேன்." அந்த ஒரு சொல்லால் அவள் திரும்பி வந்து படிப்பை முழுமையாக முடித்தாள். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் பழகுநராகச் சேர்ந்து, பின்னர் அங்கேயே நிரந்தரமானாள். தாயின் தோடு அடகுக் கடையிலிருந்து மீண்டது. ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது. இன்று அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்க்கைக்கு அழைத்து வருகிறவர் அதே தந்தைதான்.

அவளோடு அதே பிரிவில் படித்த இன்னொரு மாணவிக்கு இந்த ஊரில் அத்தை இல்லை. அரையாண்டில் நின்றுவிட்டாள். அத்தை இருப்பதும் இல்லாததுமா ஒரு பெண்ணின் வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானிப்பது? அரசு நிலையங்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இலவசப் பேருந்து அட்டை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பேருந்தே வராத மாலையில் பேருந்து அட்டையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தங்க இடம் தராமல் பயிற்சிக்கு வா என்று பெண்ணை அழைத்தால், அங்கும் வெறுங்கை முழம் போடாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு தோழி விடுதிகளை நடத்துகிறது. அதே அக்கறை, வேலைக்குத் தயாராகும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும்.

நம் நிலையத்துக்குப் பின்புறம் பூட்டிக் கிடக்கும் பழைய பணியாளர் குடியிருப்பைச் செப்பனிட்டாலே 20 மாணவியர் தங்கலாம். அதற்கான மனுவை வருவாய் அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே அளிக்கிறேன். வருகிற ஆகஸ்ட் 15 அன்று கூடும் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு, இங்கே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களையும் பெற்றோர்களையும் இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தின் மாதிரிப் படிவம் வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.