கடைப் பேர்ல வந்த பாட்டு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என் கையில இருக்குற இந்தப் பழைய இசைத்தட்டு சில்வர்டோன். சில்வர்டோன்னா ஏதோ பெரிய ரெக்கார்டு கம்பெனின்னு நினைச்சுடாதீங்க, அது சிகாகோல இருந்த சியர்ஸ் ரோபக்குங்குற கடையோட பிராண்டு, தபால்ல சாமான் விக்கிற கடை, தலகாணி மாதிரி ஒரு கேட்டலாக், அதுல அடுப்பு, சட்டை, கலப்பைன்னு வரிசையா வரும், அதோட கிராமபோனும் ரெக்கார்டும் வரும். 1913ல அரசாங்கமே பார்சல் தபால் ஆரம்பிச்சது இந்த மாதிரி கடைகளுக்கு பெரிய தெம்பு, பக்கத்துல டவுனே இல்லாத அமெரிக்க விவசாயி வீட்டுக்கும் பாட்டு தபால்ல போய் சேர்ந்துச்சு.

ஆனா சியர்ஸ்கிட்ட ஸ்டூடியோ கிடையாது. 1920கள்ல அவங்களுக்கு நிறைய தட்டு அடிச்சுக் குடுத்தது இண்டியானா மாநிலத்துல ரிச்மண்ட் ஊர்ல இருந்த ஜென்னட், அது ஒரு பியானோ ஃபேக்டரியோட ரெக்கார்டு பிரிவு. ஸ்டூடியோவ ஒட்டியே ரயில் தண்டவாளம், வண்டி வந்தா பாட்ட நிறுத்தணும், அது போற வரைக்கும் எல்லாரும் சும்மா உக்காந்திருக்கணும், மெழுகுல நேரா பதியுறதால வெட்டி ஒட்டுற பேச்சே இல்ல, தப்புனா முதல்லருந்து பாடணும். 1923ல கிங் ஆலிவரோட ஜாஸ் குழுவுல சேர்ந்து ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் முதமுதல்ல ரெக்கார்டு பண்ணுனது இங்கதாங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்குற விஷயம் ஒண்ணு சொல்றேன். இந்த மாதிரி மலிவு பிராண்டுகள்ல பாடகர் பேரையே மாத்திடுவாங்க, ஒரே குரல் நாலு பிராண்டுல நாலு பேர்ல வரும். பாடுனவர் கைக்கு பல நேரம் வந்தது அன்னிக்கு எண்ணிக் குடுத்த காசு மட்டும்தான், அப்புறம் பேரும் போச்சுன்னா என்னங்க மிச்சம்? அதனாலதான் தட்டு நடுவுல ஒட்டுன காகித லேபிளுக்கும் பாட்டு முடியுற கோட்டுக்கும் நடுவுல, அந்த வழுவழு எடத்துல இருக்குற பதிவு நம்பர லென்ஸ் வச்சு தேடுறோம். அதே நம்பர் ஜென்னட் தட்டுலயும் இருந்துச்சுன்னா அந்தக் குரலோட உண்மையான பேர் கெடச்சுரும்.

அப்புறம் சூப்பர்டோன், சேலஞ்ச், கான்கரர்னு சியர்ஸ் பேர மாத்தி மாத்தி வித்துச்சு. கான்கரர்தான் நீடிச்சது, நாட்டுப்புறப் பாட்டு பாடுன கார்ட்டர் குடும்பத்துப் பாட்டு, கவ்பாய் பாடகர் ஜீன் ஆட்ரி பாட்டு எல்லாம் அதுல வந்துச்சு, ஆட்ரி பேர்ல கிடாரே கேட்டலாக்ல வித்தாங்க. காசு முடை வந்த 1930கள்ல ரெக்கார்டு வாங்க ஆளில்லாத சமயத்துலயும் மலிவு தட்டுதான் தாக்குப்பிடிச்சுது.

இந்தத் தட்டு அடிக்க அரக்கு வேணும். அது போனது நம்ம நாட்டுலருந்துங்க, சோட்டா நாக்பூர் காட்டுப்பக்கம் புரச மரக் கிளையில பூச்சி கட்டுன அரக்க ஆதிவாசிங்க சுரண்டி எடுத்தது கப்பலேறி அமெரிக்கா போச்சு. உலகப்போர்ல அந்தக் கடல் வழி சிக்கலாயிடுச்சு, 1942 ஏப்ரல்ல அமெரிக்க அரசாங்கம் ராணுவம் அல்லாத வேலைக்கு குடுக்குற அரக்க 70 சதவீதம் குறைச்சுடுச்சு. புதுத் தட்டு வேணும்னா பழச கொண்டுவான்னு கடையில கேட்டாங்க, வாங்கிப் போட்டு உருக்குனாங்க. கான்கரரும் அந்த வருஷத்தோட நின்னுபோச்சு. உருக்குனதுல எத்தன பேர் தெரியாத குரல் போச்சோ, தப்பிச்சு வந்த இந்த ஒண்ணத்தான் இப்ப உங்களுக்கு போட்டுக் காட்டப் போறேன்.